கடலடி எரிமலையில் கல்லையும் உயிரையும் எப்படி ஆராய்கிறார்கள்? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைக் கற்க வழி உண்டா?

கேள்வி: பர்கூர் பக்கம் வீடு. பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு. சுற்றிலும் கிரானைட் குவாரிதான். கடலுக்கடியில் இருக்கும் எரிமலைக்கு ஆட்கள் எப்படிப் போகிறார்கள்? அந்தச் சூட்டில் உயிர்கள் எப்படி வாழ்கின்றன? கல்லை எப்படி எடுக்கிறார்கள்? இங்கிருந்து அந்தத் துறைக்கு வர முடியுமா?

பதில்:

பெரும்பாலும் ஆட்கள் போவதில்லை. கேபிளில் கட்டிய ஆர்.ஓ.வி. இயந்திரம்தான் போகிறது. ஆட்கள் மேலே கப்பலில், இருட்டறையில், திரைகளுக்கு முன்னால் ஷிப்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கப்பலின் நிலையைப் பார்ப்பார், மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள்: மணி, ஆழம், திசை, வெப்பம், எந்தப் பெட்டியில் எந்த மாதிரி. கடலடியில் ஒரு கல்லைப் பிடுங்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். அது எந்த இடத்துக் கல், பக்கத்தில் எந்த உயிர் இருந்தது, தண்ணீர் எத்தனை டிகிரி என்று பிறகு சொல்ல முடியாவிட்டால் அந்தக் கல் வெறும் ஜல்லிதான்.

உதாரணத்துக்கு ஆக்சியல் என்ற கடலடி எரிமலையை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் கடலடி எரிமலைகளில் அது ஒன்று. அமெரிக்காவின் ஓரிகன் கரையிலிருந்து சுமார் 480 கி.மீ. தள்ளி, ஹுவான் டி ஃபூகா மலைத்தொடரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உச்சி சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில். உச்சியில் 8 கி.மீ. நீளம், 3 கி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம். 1998, 2011, 2015 என்று மூன்று முறை வெடித்ததை நேரடியாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதல் வேலை வரைபடம். கப்பலின் அடியில் இருக்கும் பலகதிர் சோனார் ஒலியை விசிறி மாதிரி கீழே அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 1,400 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப இரண்டு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டிகிரி அகலக் கதிர் அந்த ஆழத்தில் 25 மீட்டர் அகலத்தைத் தொடும். அதாவது வெந்நீர் ஊற்றின் வாயில் தாதுக்கள் படிந்து எழும்பிய 4 மீட்டர் உயரச் சிம்னி ஒன்று அங்கே நின்றால் கப்பல் வரைபடத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் கேபிள் இல்லாத தானியங்கி வாகனத்தை அடித்தரைக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் ஓடவிட்டு, 1 மீட்டர் நுணுக்கத்தில் மறுபடி வரைகிறார்கள். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: தண்ணீரின் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் மாறும், அதோடு ஒலியின் வேகமும் மாறும். அதை அன்றன்று அளந்து கணினியில் ஏற்றாமல் ஓட்டினால், சமதரையின் இரு ஓரமும் மேலே சுருண்டோ கீழே வளைந்தோ வரும். வரைபடத்தில் கப்பல் போன பாதை நெடுக இணையான வரப்புகள் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது எரிமலையை இல்லை.

வரைபடம் இருந்தாலும் வெந்நீர் ஊற்று எங்கே என்று அது சொல்லாது. அதற்குத் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். சி.டி.டி. என்ற கருவி உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும். அதைச் சுற்றி வளையமாகத் தண்ணீர் பிடிக்கும் குழாய்கள் இருக்கும். ஊற்றிலிருந்து வரும் சூடான நீர் நேரே மேலே ஏறி, சுற்றுக் கடலோடு கலந்து எடை சமமாகும் உயரத்தில், பொதுவாக 100 முதல் 300 மீட்டர் மேலே, பக்கவாட்டில் பரவும். அங்கே வெப்ப வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் வெப்பத்தை மட்டும் நம்ப முடியாது. கலங்கலை அளக்கும் ஒளி உணரி, ஆக்சிஜனேற்ற நிலையை அளக்கும் மின்முனை இரண்டையும் சேர்த்துக் கட்டி, கப்பல் மெதுவாக நகர, கருவியை ரம்பப்பல் மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டே போவார்கள். கலங்கல் மட்டும் தெரிந்தால் அது சரிவில் கிளம்பிய சேறாகவும் இருக்கலாம். மின்முனை அளவும் சட்டென்று விழுந்தால், சில நூறு மீட்டருக்குள் ஊற்று இருக்கிறது என்று நம்பலாம். மின்முனை அளவை விழவைப்பது ஊற்று நீரில் வரும் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம்; அது சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து மறைந்துவிடும், தூரம் போகாது.

அந்த நீரில் என்ன இருக்கிறது? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு ஏன் வருகிறது? தண்ணீர் பாறை இடுக்கில் நீண்ட காலம் தங்கி, பாறையில் இருப்பதைக் கரைத்து எடுத்து வருகிறது. கடலடியிலும் அதே வேலைதான், சூடுதான் வேறு. விரிசல் வழியாக இறங்கும் கடல்நீர், கீழே இருக்கும் மாக்மா என்ற பாறைக்குழம்பின் சூட்டில் 350 டிகிரி செல்சியசுக்கு மேல்கூடப் போகும். மேலே இருக்கும் கடலின் அழுத்தம் அதைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆக்சியல் உச்சியின் ஆழத்தில் கடல்நீரின் கொதிநிலை சுமார் 345 டிகிரி. அதனால் அங்கே சில ஊற்றுகளில் தரைக்கடியிலேயே நீர் கொதித்து, உப்பு குறைந்த ஆவி தனியாகவும் உப்பு மிகுந்த நீர் தனியாகவும் பிரிந்து வருகின்றன. இறங்கும் வழியில் நீர் தன் மக்னீசியத்தைப் பாறையிடம் விட்டுவிட்டு, இரும்பு, செம்பு, துத்தநாகம், சல்பைடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே வரும். 2 டிகிரிக் கடலைத் தொட்டதும் உலோக சல்பைடுகள் கரும்பொடியாக உதிரும். அதுதான் படங்களில் பார்க்கும் கரும்புகை.

இப்போது ஆர்.ஓ.வி. இறங்குகிறது. நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் 1,500 மீட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 150 கிலோ அழுத்தம். மோட்டார், இணைப்புப் பெட்டிகளுக்குக் கனத்த சுவர் வைப்பதைவிட உள்ளே எண்ணெய் நிரப்பி, உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமமாக்கிவிடுவார்கள். கேமரா, எலெக்ட்ரானிக்ஸ் மட்டும் டைட்டானியம் உருளைகளில். அந்த மூடியை நீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், கப்பல் தளத்தில் ஒன்றும் தெரியாது, ஆழத்தில் உப்புநீர் உள்ளே போய் மின்கசிவு எச்சரிக்கை அடிக்கும், அன்றைய டைவ் முடிந்தது. இன்னொரு தொல்லை அலை. கப்பல் ஏறி இறங்கும்போது கேபிளும் ஏறி இறங்கும். அதனால் கடைசிப் பகுதிக் கேபிளில் மிதவைகள் கட்டி வளைவாகத் தொங்க விடுவார்கள், அல்லது நடுவே ஒரு கனமான பாரத்தைத் தொங்கவிட்டு ஆர்.ஓ.வி.யைத் தளர்வாக வைப்பார்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் சிம்னி பக்கத்தில் நிற்கும் இயந்திரம் சட்டென்று இழுபட்டு அதையே உடைக்கும்.

ஊற்றில் வேலை செய்யும் வரிசை முக்கியம். முதலில் தொடாமல் வீடியோ; பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் விழும் இரண்டு லேசர் புள்ளிகள்தான் அளவுகோல். அடுத்து வெப்பம். 1979-ல் கிழக்கு பசிபிக் மலைத்தொடரில் கரும்புகைச் சிம்னிகளை முதன்முதலில் பார்த்தபோது, ஆட்கள் ஏறிப்போகும் ஆல்வின் நீர்மூழ்கியின் வெப்ப உணரிக் குச்சி பிளாஸ்டிக்கில் செய்தது, நுனி உருகிப்போனது. அதற்குப் பிறகு உலோகக் குச்சிதான். அடுத்து தண்ணீர், பிறகு உயிர்கள், கடைசியில்தான் சிம்னிக் கல். முதலிலேயே கல்லை உடைத்தால் நீரோட்டம் வேறு பக்கம் திரும்பும், அளந்த வெப்பமும் எடுத்த தண்ணீரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.

தண்ணீர் எடுக்கும் டைட்டானியம் குழாயின் மூக்கை ஊற்றின் வாய்க்குள் நன்றாக நுழைக்க வேண்டும். விளிம்பில் வைத்தால் பாதிக்குப் பாதி கடல்நீர் வந்துவிடும். வந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது மக்னீசியத்தை வைத்து. சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் உண்டு. கலப்படமில்லாத சூடான ஊற்று நீரில் கிட்டத்தட்ட இருக்காது. மாதிரியில் 0.65 கிராம் இருந்தால் பாதி கடல்நீர் என்று கணக்குப் போட்டு, மற்ற எண்களைத் திருத்திக்கொள்ளலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

உயிர்கள் விஷயத்தில், சூடு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 300 டிகிரி நீரில் எந்தப் புழுவும் வாழ்வதில்லை. வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் சில சென்டிமீட்டர் அகல எல்லையில்தான் எல்லாம். ஆக்சியல் பக்கத்துச் சிம்னிச் சுவரில் பாரால்வினெல்லா சல்ஃபின்கோலா என்ற புழு 40, 50 டிகிரிச் சூட்டை விரும்பி ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி, இளஞ்சூடான கசிவில் ரிட்ஜியா குழாய்ப்புழுக்கள் புதராக நிற்கும். அவற்றுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்துச் சக்தி எடுத்து உணவு தயாரிக்கின்றன. 'சூரியனே தேவையில்லாத உயிர்' என்று எழுதுவார்கள். முழுக்கச் சரியில்லை. அந்த ஆக்சிஜன் கடலின் மேற்பரப்பில் சூரிய ஒளியில் உண்டானதுதான்.

புழுக்களை உறிஞ்சு குழாயிலோ இயந்திரக் கையாலோ எடுத்து, மூடியுள்ள வெப்பக்காப்புப் பெட்டியில் வைப்பார்கள். மூடி இல்லாவிட்டால் மேலே வரும் வழியில் பாதி அலசிக்கொண்டு போய்விடும். மேலே வந்ததும் 2 முதல் 4 டிகிரிக் கடல்நீருக்கு மாற்றி, நிறம் மங்குமுன் படம் எடுத்துவிட வேண்டும். டி.என்.ஏ.வுக்கு 95 சதவீத எத்தனால், உடலமைப்பு பார்க்க ஃபார்மலின். முதலிலேயே முழு மாதிரியையும் ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. வேலைக்குச் சிக்கல்.

கல்லுக்கு வருவோம். லாவா மெதுவாக வழிந்தால் தலையணைக் குவியல். வேகமாக வழிந்தால் விரிப்பு. எதுவானாலும் கடல்நீர் பட்டவுடன் வெளிப்பக்கம் கண்ணாடியாக உறையும். அந்தக் கருப்புக் கண்ணாடித் தோல்தான் ஆய்வாளர் தேடுவது. மாக்மாவின் வேதியியலும் அதில் கரைந்திருந்த வாயுவும் அப்படியே அதில் பூட்டப்பட்டிருக்கும். உட்பகுதி மெதுவாக ஆறியதால் படிகமாகி இருக்கும். இயந்திரக் கையில் அழுத்திப் பிடித்தால் கண்ணாடி உதிர்ந்து கடலோடு போகும். அதனால் தளர்வாகக் கிடக்கும் துண்டை அடியில் பிடித்துத் தூக்குவது நல்லது.

லாவா எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு 1998-ல் ஒரு கருவியே சாட்சி சொன்னது. தரையில் வைத்திருந்த அழுத்தமானியின் கால்களுக்கடியில் லாவா புகுந்து உறைந்தது. உள்ளே லாவா ஊறிப் பெருகியதில் கருவி 3 மீட்டருக்கு மேல் உயர்ந்து, லாவா வடிந்ததும் மறுபடி இறங்கியது. எல்லாம் சில மணி நேரத்துக்குள். அடுத்த ஆண்டு ஆர்.ஓ.வி. கயிறு மாட்ட, கப்பல் இழுத்து எடுத்தது. பதிவு பத்திரமாக இருந்தது. இன்றைக்கும் அழுத்தமானிதான் அங்கே முக்கியக் கருவி. மாக்மா சேரச் சேரத் தரை உயர்ந்து, தண்ணீர் அழுத்தம் குறையும். 2015 ஏப்ரல் 24 வெடிப்பில் பள்ளத்தின் தரை சுமார் 2.4 மீட்டர் இறங்கியது. அந்த ஆண்டு வெடிக்கும் என்று இந்தக் கணக்கை வைத்தே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

நம் பக்கம் என்ன பார்க்கலாம்? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைகளில் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட், அவற்றின் விரிசல்களில் மாக்மா புகுந்து உறைந்து, அவற்றை வெட்டிச் செல்லும் டாலரைட் சுவர்கள். வியாபாரத்தில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பதில் பெரும்பாலும் இந்த டாலரைட்தான். வேதியியலில் கடலடி லாவா உறைந்த பசால்ட்டுக்கு நெருங்கிய சொந்தம். அப்படி ஒரு குவாரியில், வெடி நேரம் கேட்டுக்கொண்டு, அனுமதியோடு போங்கள். சுவரின் ஓரத்திலிருந்து நடுவரை நான்கைந்து இடத்தில் 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் படிக மணிகள் கண்ணுக்கே தெரியாது, நடுவில் தனித்தனியாகத் தெரியும். சீக்கிரம் ஆறியது, மெதுவாக ஆறியது என்ற அதே பாடம். துண்டை எடுக்கும் முன் மேல்பக்கம் எது, வடக்கு எது என்று மார்க்கரில் குறித்து, அளவுகோலோடு படம் எடுத்து, ஜி.பி.எஸ். எண் எழுதிப் பழகுங்கள்.

அசல் தலையணை லாவா பார்க்க ஆசை என்றால் கோலார் மாவட்டம் பெத்தபள்ளிக்குப் போகலாம். தேசிய புவியியல் சின்னம் அது. சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

படிப்புக்கு, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி துறை இருக்கிறது. உயிரியல் பக்கம் போக நினைத்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்தான் 6,000 மீட்டருக்கு மூன்று பேர் இறங்கும் மத்ஸ்யா 6000-ஐ உருவாக்குகிறது. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கலவைக் கோளம், சுவர் 80 மில்லிமீட்டர். 2024 டிசம்பரில் அந்த நிறுவனமும் கோவாவின் துருவ, கடல் ஆய்வு மையமும் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்தன. எந்திரவியல், மின்னணுவியல் படித்தவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. என்னைக் கேட்டால் ஜியாலஜி மாணவர் முதலில் கொஞ்சம் வேதியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கற்றுக்கொள்வது லாபம்.

அதுவரை கடலடித் தரையின் வரைபடம் காட்டும் ஜியோமேப்ஆப் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஜாவாவில் ஓடுவது, பழைய லேப்டாப்பே போதும். வட அட்சம் 46, மேற்குத் தீர்க்கம் 130-ல் ஆக்சியல் பள்ளம் குதிரைலாட வடிவில் தெரியும். பிறகு அந்தமானில் பாரன் தீவு எரிமலைக்கு வந்து, குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தோற்றம் வரையுங்கள். 350 மீட்டர் உயரம் வெளியே, மீதி மலை முழுக்கத் தண்ணீரில். வரையும் முன் கப்பல் அளந்த பகுதியை மட்டும் காட்டும் பொத்தானை அழுத்திவிடுங்கள். மற்ற இடங்களின் ஆழம் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து ஊகித்தது, வழுவழுப்பாகத் தெரிவதைச் சமவெளி என்று குறித்துவிடக் கூடாது.