உப்பேறின கிணற்றுக்கு ஆழமான போர்வெல் மருந்து இல்லை

பாலவாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார். 2 கிரவுண்டில் 12 வீடுகள். 25 அடியில் ஓர் உறைகிணறு, 60 அடியில் ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், மார்கழி, தை மாதங்களில் 700 காட்டுகிறதாம், மே மாதம் வந்தால் 2,800ஐத் தாண்டுகிறதாம். சோப்பு நுரைப்பதில்லை, கீசர் வருஷத்துக்கு ஒன்று போகிறது. போர்க்காரர் 150 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார், போடலாமா என்பது கேள்வி.

போடாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இருந்து வந்தவர்களுக்கு "தண்ணீர் இல்லையா, இன்னும் 200 அடி இறக்கு" என்பதே பழக்கம். அங்கேயே அது பல சமயம் வீண் செலவுதான், ஆனால் உப்பு வந்துவிடும் என்ற பயமாவது இல்லை. உங்கள் ஊர் அப்படி இல்லை. திருவான்மியூரில் இருந்து கோவளம் வரைக்கும் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் ஒரு குறுகிய மணல் பட்டை. அந்த மணலில் தேங்கியிருக்கும் மழைத்தண்ணீர்தான் உங்கள் கிணற்றுத் தண்ணீர், வேறு எங்கிருந்தும் ஊற்று வரவில்லை. மணலுக்கு அடியில் களிமண்ணும், அதற்கும் கீழே சார்னோகைட் என்ற கடினப் பாறையும் இருக்கின்றன. கடலோரத்தில் அந்தப் பாறை இடுக்குகளில் கிடைப்பது பெரும்பாலும் கொஞ்சத் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர்.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனம், நூற்றுக்கு இரண்டரை பங்கு அதிகம். அதனால் நல்ல தண்ணீர் மேலேயும் உப்பு கீழேயும் நிற்கிறது. ஆடாமல் வைத்த மோர்ச்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், மேலாக நிற்கும் தெளிவை மெதுவாகச் சாய்த்தால் தெளிவாகவே வரும், அவசரப்பட்டால் அடியில் இருப்பது கலங்கிச் சேர்ந்து வரும். கணக்கு என்னவென்றால், நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும். இந்தக் கணக்கு திரும்பியும் வேலை செய்யும். நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், உடனே இல்லாவிட்டாலும் நாளாவட்டத்தில், உப்பு 40 அடி மேலே ஏறும். கோடையில் தெரு முழுக்க மோட்டார் ஓடும்போது நடப்பது இதுதான். கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு இருப்பதால் அது நூற்றுக்கு 5 பங்கு கலந்தாலே போதும், உங்கள் 700 கிட்டத்தட்ட 2,400 ஆகிவிடும்.

சரி, இப்போது ஒரு சின்னச் சோதனை. காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன், போர் மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீர் போன பிறகு வரும் முதல் குவளையில் டிடிஎஸ் பாருங்கள். 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து, ஒரு மணி நேரம் போனதும் நிறுத்துங்கள். எண் 1,400ல் தொடங்கி 1,900, 2,300 என்று ஏறிக்கொண்டே போனால், உங்கள் மோட்டாரே அடியில் இருக்கும் உப்பைக் கூம்பு போலத் தனக்கு நேராக மேலே இழுக்கிறது என்று அர்த்தம். இது சரிசெய்யக்கூடிய கோளாறு. தொடக்கத்தில் இருந்தே 2,800 என்று அசையாமல் நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்க உப்பு ஏறியிருக்கிறது, அதற்குப் பொறுமை வேண்டும். இதே சோதனையைக் கிணற்றிலும் செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். கிணற்று எண் நிச்சயம் குறைவாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படி இருந்தால் போரை நிறுத்திவிட்டுக் கிணற்றை நம்புங்கள். 2 எச்பி மோட்டாரில் ஒரே மூச்சாக சம்ப்பை, அதாவது தரைக்கடித் தொட்டியை, நிரப்புவதற்குப் பதில் அரை எச்பி போட்டு, 20 நிமிஷம் ஓட்டி, இரண்டு மணி நேரம் விட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஒரு டைமர் வாங்கினால் வாட்ச்மேனுக்கும் வேலை மிச்சம். உறிஞ்சு குழாயின் கீழ் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு கிணற்று அடியில் உட்கார்ந்திருந்தால் அதை மேலே தூக்கி, கோடை நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழே மட்டும் நிறுத்துங்கள். இடம் இருந்தால், கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓர் ஓரத்தில், இன்னொரு ஆழமில்லாத உறைகிணறு தோண்டி இரண்டிலும் மாற்றி மாற்றி எடுப்பது 150 அடி போரைவிடச் செலவும் குறைவு, பலனும் அதிகம். உப்பாகிப்போன போரின் அடிப்பகுதியைச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிடச் சொல்லுங்கள், சும்மா விட்டால் அந்தத் துளை வழியாக மேலும் கீழும் கலந்துகொண்டே இருக்கும்.

எடுப்பதை மட்டும் குறைத்தால் போதாது, போடவும் வேண்டும். 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது உங்கள் கட்டடத்திலும் ஏதோ ஒரு குழி தோண்டியிருப்பார்கள், அதைத் திறந்து பாருங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் மண்ணும் இலையும் அடைத்து, மேலே பூந்தொட்டி வைத்திருப்பார்கள். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 3,000 சதுர அடி மொட்டைமாடி என்று வைத்தால், வழியில் வீணாவது போக 3 லட்சம் லிட்டர் தேறும். 12 வீட்டுக்கு நாளைக்கு 6,500 லிட்டர் செலவு என்றால் அது ஒன்றரை மாதத்துக்குத்தான் வரும். எனவே மாடித் தண்ணீரோடு நிற்காதீர்கள். டைல்ஸ் பதித்த தரையில் விழுந்து கேட் வழியாகத் தெருவுக்கு ஓடும் தண்ணீரையும் கேட்டுக்கு உள்பக்கமே கம்பிச்சட்டம் போட்ட ஒரு பள்ளத்தில் பிடித்து, 3 அடி அகலம், 12 முதல் 15 அடி ஆழம் உள்ள உறைக்குழியில் விடுங்கள். மணல் என்பதால் மளமளவென்று இறங்கிவிடும். குழிக்குள் ஜல்லியைக் கொட்டி நிரப்பாதீர்கள், அப்புறம் தூர் எடுக்க முடியாது. மாடித் தண்ணீரை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக நேரே உறைகிணற்றிலேயே விடலாம், முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு. போருக்குள் விடாதீர்கள். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வரும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

குளியல் தண்ணீரைத் தனிக்குழாயில் பிரிக்க முடிந்தால் ஒரு கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணில் விடலாம், கிணற்றில் இருந்து தள்ளி. பழைய கட்டடத்தில் குழாயைப் பிரிப்பது பெரிய தலைவலி, அது உங்கள் சங்கத்தின் பொறுமையைப் பொறுத்தது.

இன்னொன்று, டிடிஎஸ் ஏறினாலே கடல்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து குளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் என்ற கிருமி மூன்றையும் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கழிவுநீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், உங்கள் செப்டிக் டேங்கோ பக்கத்து வீட்டுடையதோ. மணலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குமோ சாக்கடையும் அவ்வளவு வேகமாக இறங்கும். எப்படியிருந்தாலும் இந்தத் தண்ணீர் புழங்க மட்டும்தான்.

தெருவில் யாராவது லாரிக்குத் தண்ணீர் விற்றால் நீங்கள் செய்வதெல்லாம் அவர் தொட்டிக்குத்தான் போகும். சென்னைப் பெருநகரப் பகுதிக்கான 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடங்களில் கிணறு தோண்ட அனுமதியும், வியாபாரத்துக்கு எடுக்க உரிமமும் வேண்டும், புகார் கொடுக்க அது போதும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் என்று உறிஞ்சியதில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது, 1960களின் கடைசியில் கவனித்த விஷயம், இன்னும் முழுசாகப் பின்வாங்கவில்லை. உங்கள் பட்டை குறுகியது என்பதால் கெடுவதும் சீக்கிரம், நல்ல மழையில் தேறுவதும் சீக்கிரம்.

மாதம் ஒரு தடவை கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தையும், மீட்டரில் டிடிஎஸ்ஸையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மழைக்காலம் போன பிறகும் மே மாத எண் இறங்கவில்லை என்றால் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.