பத்துக்கு ஒம்பது பெட்ரூம்: விக்கிறதுக்கு முன்னாடி எதுல காசு போடணும்?

நுவரெலியா மாவட்டத்து கொட்டகலையிலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. சரிவை வெட்டிக் கட்டின வீட்டை விக்கப் போறாங்களாம். மெயின் பெட்ரூம் 10 அடிக்கு 9 அடி தான், பின் சுவர்ல ஈரம் ஏறி பெயின்ட் உரிஞ்சு கிடக்கு. ப்ரோக்கர் வந்து பாத்துட்டு, அட்டாச் பாத்ரூம் கட்டி டைல்ஸ் போட்டு சீலிங் அடிச்சா விலை 10 லட்சம் கூடும், கொத்து வேலை செய்ற பாஸ் நம்மகிட்டயே இருக்காருனு சொல்றாராம். நகைய வச்சு செய்யலாமானு கேள்வி.

வேணாம் தங்கச்சி, நகைய எடுக்காதீங்க. உங்க ரூம் மொத்தமே 90 சதுர அடி. அதுல ஆறுக்கு நாலு பாத்ரூம் ஒன்னு எடுத்தா 24 போயிரும், சுவரோட கனத்தையும் கழிச்சா மிச்சம் 60 சொச்சம், அதுக்குள்ள கட்டில் போட்டுட்டு அலுமாரி கதவைத் தொறந்து பாருங்க, தொறக்காது. சரி, வெளிப்பக்கமா இழுத்துக் கட்டுவோம்னு சொல்வாரு. நம்மளது மண்சரிவு மாவட்டம், கூட்டிக் கட்டணும்னா பிரதேச சபை அனுமதி வேணும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கையும் கேப்பாங்க. அறிக்கை கேக்குறது சரிதான், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், ஆனா ஒரு பேப்பருக்காக ஒரு ஆபிஸ்லருந்து இன்னொரு ஆபிஸுக்கு நடக்க விட்டு, ஐயா ஃபீல்டுக்கு போயிட்டாரு அடுத்த வாரம் வாங்கனு திருப்பி அனுப்புறாங்களே, கூலிய விட்டுட்டு பஸ் ஏறி வர்ற ஜனத்துக்கு அது எவ்வளவு நஷ்டம்னு அங்க யாருக்கும் உறைக்க மாட்டேங்குது. அலைய முடியாம அனுமதி இல்லாமலே கட்டிர்றாங்க. அப்புறம் வாங்குறவர் பேங்க் லோனுக்கு போவாரு, மதிப்பீட்டாளர் வந்து பிளான்ல இல்லாத பாத்ரூமை கணக்குல எடுக்க மாட்டாரு, சில நேரம் லோனே இழுபடும்.

ஒரே ஒரு இடத்துல பாத்ரூம் சரி வரும், அதை விளக்கமாவே சொல்லிர்றேன். இப்ப இருக்குற பாத்ரூம் உங்க பெட்ரூம் சுவருக்கு அடுத்த பக்கமே ஒட்டி இருக்குனு வைங்க, அப்போ புதுசா ஒன்னும் கட்ட வேணாம், சுவர்ல ஒரு கதவு வச்சா போதும், ரூம் ஒரு அங்குலம் கூட குறையாது. ஆனா வீட்டுக்கே அது ஒன்னுதான்னா பழைய கதவை அடைச்சிராதீங்க, வர்ற சொந்தக்காரங்க எல்லாம் உங்க கட்டிலைத் தாண்டி போக வேண்டி வரும், ரெண்டு கதவும் இருக்கட்டும், ரெண்டுக்கும் உள் தாப்பா போடுங்க. வேற டாய்லெட் வெளிய இருந்தா மட்டும் பழைய கதவை மூடலாம். அந்த சுவர் பழைய கருங்கல் சுவரா இருந்தாலோ, கூரை பாரம் அது மேல இறங்குனாலோ தொடவே தொடாதீங்க. செங்கல் சுவர்னாலும் மேல பாரம் தாங்குற லின்டல் போடாம வெட்ட விடாதீங்க.

உங்க காசு போக வேண்டியது பின் சுவருக்குத்தான். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் சீட்டை ஈரமான இடத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. சீட்டுக்கு உள்ள, சுவர் பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவர் வழியா வருது. சீட்டோட வெளிப்பக்கம், ரூம் பக்கம் நனைஞ்சிருந்தா அது ரூம் காத்து குளிர் சுவர்ல படிஞ்ச ஈரம், ஜன்னலைத் தொறந்து விட்டாலே பாதி சரியாயிரும். உங்க வீடு சரிவை வெட்டிக் கட்டினதுனு எழுதியிருக்கீங்க, அநேகமா பின்னாடி மண் ரூம் தரையை விட உயரமா ஏறி நிக்கும், இல்ல கூரைப் பீலி உடைஞ்சு தண்ணி சுவரடியில ஊத்தும். சுவரை ஒட்டின மண்ணை மட்டும் எடுத்து, கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) வெட்டி தண்ணிய ஓட விடுங்க. மண்மேட்டோட அடியை மட்டும் நோண்டிராதீங்க, மேட்டுல வெடிப்பு தெரிஞ்சா வேலைய நிறுத்திட்டு முதல்ல அந்த கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆபிஸர்மாரைக் கூப்பிடுங்க. 2025 நவம்பர் டித்வா புயல்ல நடந்த மண்சரிவுக்கு அப்புறம் வீடு பாக்க வர்றவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி பின்பக்க மேட்டைத்தான் பாக்குறாங்க.

சுவர் காயாம புட்டி பூசாதீங்க, உள்பக்கம் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட்டும் அடிக்காதீங்க, ஒரு மழைக்கு கொப்புளம் கொப்புளமா கிளம்பிரும். இந்த அவசரப் பூச்சு தான் ப்ரோக்கர் கூட்டிட்டு வர்ற பாஸோட பொழப்பு, அந்தக் கூலியில ப்ரோக்கருக்கும் பங்கு உண்டு. நம்ம பக்கம் ஜனவரிலருந்து மார்ச் வரைக்கும் மழை குறைவு, உப்பு பூத்த பூச்சை கொத்தி எடுத்து அப்ப காய விட்டு பூசுங்க.

ப்ரோக்கர் கிட்ட காணி உறுதிப் பத்திரத்தோட ஒரிஜினலைக் குடுக்காதீங்க, போட்டோ காப்பி போதும். எழுதாத பேப்பர்ல கையெழுத்து வைக்கவே கூடாது. காணி விக்கிற ஒப்பந்தம் நொத்தாரிஸ் முன்னாடி ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும், 1840ல வந்த சட்டம், இன்னைக்கும் அதுதான். "உங்களுக்கு இவ்வளவு, மேல வர்றது எனக்கு"னு பேசுனா அந்த ஆளே வேணாம்.

ரூமை எடுப்பா காட்ட பெரிய செலவில்ல. ஆறுக்கு அஞ்சு கட்டில் ஒன்னு, தலைமாடு 9 அடி சுவர்ல, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி நடக்க இடம் கிடைக்கும். ரெண்டாவது அலுமாரி, மேல அடுக்கின சூட்கேஸ், தையல் மெஷின் எல்லாம் வெளிய போகட்டும். வெளிறின கலர் பெயின்ட், சீலிங் வெள்ளை, திரைக்கம்பியை கூரை ஓரமா உயர்த்தி அடிங்க. பூஞ்சண வாசனைய மறைக்க ஊதுபத்தி கொளுத்தாதீங்க, வர்றவங்களுக்கு சந்தேகம்தான் வரும், ஒரு வாரம் முன்னாடியே தினமும் ஜன்னலைத் தொறந்து வைங்க. ஆளை காலையில 9 மணிக்கு வரச் சொல்லுங்க, மத்தியானம் பனி மூடிட்டா எந்த ரூமும் இருட்டாத்தான் தெரியும்.

அலுமாரிய ஈர சுவருக்கு முன்னாடி தள்ளி மறைக்காதீங்க, கொஞ்சம் விவரம் தெரிஞ்சவர் நகத்திப் பாப்பாரு, அதோட பேச்சு முடிஞ்சிரும். கான் வெட்டும்போது, பூச்சு கொத்தும்போது போன்ல போட்டோ எடுத்து வைங்க, கேட்டா எடுத்துக் காட்டலாம்.