பன்னீர் திராட்சையில் கொழுந்து வெளுப்பு: முதலில் குழி வெட்டுங்கள்

கேள்வி: ஐயா, கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல், கொடிக்கு 7 வயது. கவாத்து முடிந்தபின் கீழ்க்கோடியில் 40 கொடியில் மட்டும் கொழுந்து மஞ்சளாக வருகிறது, நரம்பு பச்சையாக நிற்கிறது. மண் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். கடையில் சொன்ன நுண்ணூட்டக் கலவையும் வேர் ஊக்கியும் சொட்டுநீரில் 2 தடவை விட்டும் பலனில்லை. வேறு என்ன மருந்து போடலாம்?

பதில்: இது இரும்புச் சத்துக் குறை. லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனைய 10 நாள் இடைவெளியில் 3 முறை தெளியுங்கள். பழுப்பேறிய கரைசலைக் கொட்டிவிடுங்கள். ஆனால் இது இந்தக் கொழுந்துக்கு மட்டும்தான். அடுத்த கவாத்தில் மறுபடி வெளுக்கும்.

மற்ற கொடிகளுக்கு வராதது அந்த 40 கொடிக்கு மட்டும் ஏன் வந்தது? மண் மாதிரியை மேலாக அரையடியில் எடுத்திருப்பீர்கள். நெல்லுக்கு அது போதும். திராட்சை வேர் மூன்றடி இறங்குவது.

வெளுத்த இடத்தில் ஒன்று, நல்ல கொடியருகே ஒன்று என 2 குழி வெட்டுங்கள். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, மூன்றடி ஆழம். பாசனம் விட்ட மூன்றாம் நாள் வெட்டினால் ஈரம் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். குழிச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் சுரண்டி வாருங்கள். முக்கால் அடியில் கத்தி முட்டி, வேர் பக்கவாட்டில் மடங்கி ஓடினால் அது ரோட்டாவேட்டர் உழவு இறுக்கிய கெட்டி மண் தட்டு. சாம்பல் மண்ணில் துருப்புள்ளி இருந்தால் தண்ணீர் தேங்குகிறது. வெள்ளைச் சுக்கான் கல் தென்பட்டால் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டை அதன்மேல் விடுங்கள். சீறி நுரைத்தால் சுண்ணாம்பு. உங்கள் நிலத்தில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

சுண்ணாம்பு மண் ஈரம் வடியாமல் கிடந்தால் பைகார்பனேட் கூடி, கொடிக்கு இரும்பு எட்டாமல் போகும். கடைக் கலவைகளில் பெரும்பாலும் ஈடிடிஏ என்ற பொருளோடு பிணைத்த இரும்புதான். சுண்ணாம்பு மண் போன்ற கார மண்ணில் அது நிற்காது. மண்ணில் இடுவதென்றால் ஈடிடிஎச்ஏ பிணைத்த இரும்பு கேளுங்கள், விலை கூடுதல்தான். வேர் ஊக்கியை விற்பவர் உங்கள் குழியைப் பார்த்தவரில்லை. அந்தக் காசு குழி வெட்ட ஒருநாள் ஆள்கூலிக்கு ஆகும்.

கீழ்க்கோடிக்குத் தனி வால்வு வைத்துத் தண்ணீரைக் குறையுங்கள். ஆழ உழுது சுக்கானை மேலே கொண்டுவராதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாக அரைக்கிலோ மண் எடுத்து, சுண்ணாம்பு, உப்பு, சோடியம் மூன்றையும் கேட்டு ஆய்வுக்குக் கொடுங்கள். சோடியம் கூடியிருந்தால் ஒழிய ஜிப்சம் போட வேண்டாம்.