முதலாண்டிலேயே வெளிநாட்டு வாய்ப்பா? கொங்குப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளில் இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகளும் சில பெற்றோரும் கேட்டவை இவை. கல்லூரி ஒன்றின் அயல்நாட்டுத் தொடர்புப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பெருந்துறைப் பக்கம் பி.இ. மெக்கானிக்கல் முதலாண்டு படிக்கிறேனுங்க. எங்க சீனியர் ஒருத்தர் முழுச் செலவும் குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்கன்னு கனடாவுக்கு இன்டர்ன்ஷிப் போயிட்டு வந்தார். நானும் இப்பவே விண்ணப்பிக்கலாங்களா?

இப்போது முடியாது தம்பி. உங்கள் சீனியர் போனது அநேகமாக மிடாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சியாக இருக்கும். கனடாப் பல்கலைக்கழகம் ஒன்றில் 12 வாரம். போய்வந்த பிறகு படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் மட்டும் மீதம் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். நான்காண்டுப் படிப்பில் அது மூன்றாம் ஆண்டு விடுமுறை. ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தின் கோடைகால மாணவர் திட்டமும் அப்படித்தான், மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்திருக்க வேண்டும்.

செலவை அவர்களே ஏற்கும் பெரிய திட்டங்கள் பெரும்பாலும் முதலாண்டு மாணவரை எடுப்பதில்லை. அதனால் இந்த வருடம் வீண் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் விண்ணப்பம் போடும்போது அவர்கள் பார்க்கும் மதிப்பெண் பட்டியலில் முதல் இரண்டு செமஸ்டரும் இருக்கும். கணக்கும் இயற்பியலும் "ஃபர்ஸ்ட் இயர் பேப்பர்தானே" என்று விட்டவர்கள், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோடு. 18 வயது ஆகியிருந்தால் போதும், எந்த ஆண்டு படிக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். 2022இலிருந்து மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டில் இருந்தபடி ஏதாவது ஒரு திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) அமைப்புக்கு நிரல் எழுத வேண்டும், உதவித்தொகை உண்டு. அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் மார்ச் மாதத்தில் தொடங்கும். ஆனால் மார்ச்சில் எட்டிப் பார்ப்பவருக்குக் கிடைக்காது. சேர நினைக்கும் அமைப்பின் நிரலை மாதக்கணக்கில் முன்பே படித்து, சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பி, அங்கிருப்பவர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். மெக்கானிக்கல் என்பதற்காக ஒதுங்க வேண்டாம், இயந்திர வரைபடம் போடும் கேட் (சி.ஏ.டி.) மென்பொருள் எழுதும் குழுக்களும் இதில் வருகின்றன.

எங்க காலேஜ் நாப்பது ஃபாரின் யுனிவர்சிட்டியோட எம்.ஓ.யூ. போட்டிருக்குன்னு சேரும்போது சொன்னாங்க. அதனால எனக்கு என்ன கிடைக்கும்? (கோவை, பி.டெக். ஐ.டி.)

பல நேரம் ஒரு போட்டோ கிடைக்கும். கையெழுத்துப் போட்டுப் பொன்னாடை போர்த்திய போட்டோ.

கிண்டல் போகட்டும். எம்.ஓ.யூ. எனும் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது "சேர்ந்து ஏதாவது செய்யலாம்" என்ற சம்மதம், அவ்வளவுதான். மாணவர் போக வேண்டுமென்றால் அதற்கு மேல் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று வேண்டும். உங்கள் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்: இந்த ஒப்பந்தத்தில் கடைசியாக எந்த மாணவர் போனார், எந்த வருடம்? அங்கே படித்த பாடத்தின் கிரெடிட் (பாடத்துக்கான மதிப்புப் புள்ளி) இங்கே சேர்ந்ததா, அல்லது திரும்பி வந்து அதே பாடத்தை மறுபடி எழுதினாரா? அங்கே டியூஷன் கட்டணம் உண்டா, இங்கே கட்டுவதே போதுமா? முதல் கேள்விக்கே பதில் வரவில்லை என்றால் அந்த ஒப்பந்தத்தை மறந்துவிடலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் கொண்டுவந்த விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ட்வின்னிங் என்றால் படிப்பின் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் படிக்கலாம், பட்டம் இந்தியக் கல்லூரி தரும். கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்று வேறு இரண்டு வகையும் உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01க்குக் குறையாத நிறுவனங்கள், உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடு தனி அனுமதி இல்லாமலேயே இப்படிச் சேரலாம். உங்கள் கல்லூரியில் இந்த வகை உண்டா என்று முதலாண்டிலேயே கேட்பது நல்லது. எந்த செமஸ்டரில் போவது என்பது பாடத்திட்டத்தைப் பொறுத்தது, மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டால் போக செமஸ்டர் மிச்சம் இருக்காது.

வணக்கமுங்க. காங்கயத்துல விவசாயம் பாக்கறேன். பொண்ணு பி.காம். முதல் வருசம். காலேஜ்ல மலேசியா, சிங்கப்பூர் இண்டஸ்ட்ரியல் விசிட்டுன்னு ஒரு வாரத்துக்குப் பெரிய தொகை கேக்கறாங்க. போகலீன்னா மார்க் குறையுமோன்னு புள்ள பயப்படுது. நகைய வெச்சுக் கட்டிரலாமுங்களா?

வேண்டாங்க ஐயா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

பயணத் திட்டத் தாளை வாங்கிப் பாருங்கள். ஏழு நாளில் தொழிற்சாலை, துறைமுகம், பல்கலைக்கழகம் என்று எத்தனை மணி நேரம், கேளிக்கைப் பூங்காவும் கடைவீதியும் எத்தனை மணி நேரம் என்று எண்ணினால் தெரிந்துவிடும். அது சுற்றுலா என்றால் சுற்றுலாதான். கையில் பணம் இருந்து, பிள்ளை தோழிகளோடு சந்தோஷமாகப் போய்வந்தால் அதில் தப்பே இல்லை. கடன் வாங்கிப் போகும் விஷயம் அது இல்லை. மதிப்பெண் பற்றிய பயத்துக்கு, போகாதவர்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பதிலின் தொனியே மாறும்.

அந்தப் பணத்தில் சின்னப் பங்கு போதும், பாப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

பாஸ்போர்ட் இப்பவே எடுக்கணுமா? ஹாஸ்டல்ல இருக்கேன், சொந்த ஊர் நாமக்கல் பக்கம். (இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள்.)

எடுங்கள். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய். 18 வயது முடிந்தவருக்குப் பத்து வருடம் செல்லும். 17 என்றால் பிறந்தநாள் வரை பொறுங்கள், பெற்றோர் சம்மதப் படிவ வேலை எல்லாம் மிச்சம். கோவை சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், சொந்த மாவட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதும் முகவரிக்குத்தான் போலீஸ் விசாரணை வரும். விடுதி முகவரி கொடுத்தால் கல்லூரி முதல்வரிடம், அங்கே படிக்கிறீர்கள் என்று சொல்லும் போனஃபைடு சான்றிதழ் வாங்குங்கள். விசாரணை நேரத்தில் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடாதீர்கள்.

பெரிய தலைவலி பெயர்தான். நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் "எம். பிரியா" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் முருகேசன் என்றால் பெயர் "பிரியா", குடும்பப் பெயர் "முருகேசன்" என்று பிரித்துப் போடலாம். சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். இந்தியாவுக்குள் பிரச்சினை இல்லை. ஆனால் அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்து வரும். "முதல் பெயர் தெரியாது" என்று அர்த்தம். அப்புறம் அங்கே வங்கி, பல்கலைக்கழகம், ஓட்டுநர் உரிமம் எல்லா இடத்திலும் அந்த மூன்று எழுத்து கூடவே வரும்.

என் யோசனை: இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். ஆதாரிலும் அதே எழுத்துக்கூட்டலில் விரித்த பெயரைக் கொண்டுவாருங்கள். முருகேசனுக்கு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் "எஸ்", இன்னொரு இடத்தில் "எஸ்.எச்." என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். கடைசி வருடத்தில், விசா நேர்காணலுக்குப் பத்து நாள் முன்னால் செய்கிற வேலை இல்லை இது.

காந்திபுரத்துல ஒரு கன்சல்டன்சி, முதல் வருசத்துலயே எராஸ்மஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கன்னு சொல்றாங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். எராஸ்மஸ் முண்டஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் முதுகலைக்குத் தரும் உதவித்தொகை. இளங்கலை முடித்தவர்களும் கடைசி வருடத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். மாதம் 1400 யூரோ வரும். விண்ணப்பம் நேராகப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்களுக்குத்தான் போகும், நடுவில் ஆள் தேவையில்லை. எராஸ்மஸில் இளங்கலை மாணவர்களுக்கான பரிமாற்றமும் இருக்கிறது, ஆனால் அது கல்லூரிக்கும் கல்லூரிக்கும் உள்ள ஒப்பந்தப்படி நடப்பது. கன்சல்டன்சி நுழைய அதில் இடமே இல்லை.

ஜெர்மன் படிக்கலாமா, ஜப்பானிய மொழியா? (சத்தியமங்கலம், இ.சி.இ.)

எதற்கு என்பதைப் பொறுத்தது. மேற்படிப்பு எண்ணம் இருந்து வீட்டில் பணம் குறைவு என்றால் நான் ஜெர்மன் பக்கம் சாய்வேன். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1500 யூரோ. ஆனால் இலவசம் என்று கேட்டவுடன் துள்ள வேண்டாம். விசாவுக்கு, முதல் வருடச் சாப்பாட்டுச் செலவு, வாடகை என்று முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். நம் பணத்தில் பதினொரு லட்சத்துக்கு மேல். நம் படிப்புச் சான்றுகள் சரியானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும்.

முதுகலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்பது சரி. ஆனால் பகுதிநேர வேலைக்கும், வாடகைக்கு அறை பிடிப்பதற்கும் ஜெர்மன் இல்லாமல் திண்டாட்டம். கோவையிலேயே ஜெர்மன் கற்றுத்தரும் கோதே மையம் இருக்கிறது. முதலாண்டில் தொடக்க நிலையான ஏ1 முடித்துவிட்டு, படிப்பு முடிவதற்குள் நடுநிலையான பி1 வரை போனால் போதும். ஜப்பானிய மொழிக்கு ஜேஎல்பிடி தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். எழுத்து பழக நாளாகும், ஆசை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

நான் பி.ஏ. தமிழ். கோபி. இதெல்லாம் இன்ஜினியரிங் பசங்களுக்குத்தானே?

இந்த மொத்தக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. உங்களுக்கு விசாவே வேண்டாம் கண்ணு, புதுச்சேரிக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

டூமா வீதியில் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி இருக்கிறது. பல ஆண்டுகளாகச் செவ்வியல் தமிழ்க் கோடைக் கருத்தரங்கு நடத்தியவர்கள். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் நம் ஆட்களோடு உட்கார்ந்து பழந்தமிழ்ப் பாட்டை வரி வரியாகப் படிப்பார்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆனால் பாட்டு நம்முடையது. பக்கத்திலேயே 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். இந்த இரண்டு இடங்களிலும் உள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் துறைப் பேராசிரியர் மூலம் கடிதம் எழுதி, நூலகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். யாப்பும் இலக்கணமும் உங்களுக்குத் தெரிந்த அளவு அங்கு வரும் பல வெளிநாட்டு மாணவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த பதிப்பு முறைகள் உங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் கற்பது இரண்டு பக்கமும் நடக்கும்.

அரசுக் கல்லூரி, முதல் தலைமுறை. இங்கிலீஷ் வராது. காசும் இல்லை.

வகுப்பில் பாதிப் பேர் உங்கள் நிலைதான், வெளியே சொல்ல மாட்டார்கள். தமிழ்ப் புதல்வன், புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாயைத் தொடாமல் வைக்க முடியாது, தெரியும். அதனால் காசு கேட்காதவற்றைச் சொல்கிறேன். தமிழக அரசின் திறன் பயிற்சித் தளமான 'நான் முதல்வன்' தளத்தில் உங்கள் துறைக்கு என்ன பாடம் வருகிறது என்று பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற கணினி அறிமுகப் பாடம் இலவசம், அவர்கள் சொந்தத் தளத்தில் முடித்தால் சான்றிதழும் இலவசம். கணினித் துறை இல்லாதவர்களும் எடுக்கலாம், ஆனால் வாராவாரம் வரும் கணக்குகள் கடினம். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் இணையவழி என்பிடெல் பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும்தான்.

ஆங்கிலத்துக்கு: வீடியோவை ஆங்கில எழுத்தோடு ஓடவிட்டு, பாதி வேகத்தில் பாருங்கள். இணையவழிக் கூட்டு வகுப்புகள் சில கல்லூரிகளில் நடக்கின்றன, வேறு நாட்டு மாணவரோடு ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு சின்ன வேலையை முடிப்பது. அதில் வருகிற ஜப்பான், பிரேசில் பிள்ளைகளும் திக்கித் திக்கித்தான் பேசுவார்கள். பேச விஷயம் இருந்தால் போதும். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது நிறையவே உண்டு: நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஊரே மாறியது. ஐரோப்பிய மாணவர் பாடப்புத்தகத்தில் படிப்பதை நீங்கள் தெருவில் பார்த்திருக்கிறீர்கள்.

முதுகலைக்கு வெளிநாடு போகும்போது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மத்திய, மாநில அரசு உதவித்தொகைகள் உண்டு. ஆதிதிராவிடர்களுக்கான மத்தியத் திட்டத்தில் 60 சதவீத மதிப்பெண்ணும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள்ளும் வேண்டும்.

ஐ.இ.எல்.டி.எஸ். இப்பவே எழுதி வெச்சுக்கலாமா?

வேண்டாம். அந்த ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும்.

அக்கா, முதல் செமஸ்டர்ல கணக்கு அரியர். எல்லாம் போச்சா?

போகவில்லை. அடுத்த வாய்ப்பிலேயே எழுதித் தேறுங்கள். சில திட்டங்கள் அரியர் இருந்த வரலாற்றையே கேட்கும், பல திட்டங்கள் விண்ணப்பிக்கும் நாளில் நிலுவை இல்லையா என்றுதான் பார்க்கும். கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். மீதி செமஸ்டர்களில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனால் விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு அதுவும் கண்ணில் படும். கணக்கு எந்த அத்தியாயத்தில் போனது என்று சொல்லுங்கள், லாப்லாஸ் என்றால் அதற்கு நல்ல என்பிடெல் வகுப்பு ஒன்று அனுப்புகிறேன்.