மணிக்கு 7 பவுண்ட், ரொக்கமாக: போகலாமா?

கேள்வி: செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்தேன். ஓராண்டுப் படிப்பு, வயது 23. அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஒரு வேர்ஹவுஸில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறேன். ஒன்பது வாரம் ஆகிறது. மணிக்கு 12.21 பவுண்ட் என்றார்கள், ஆனால் கைக்கு வாரம் 195 பவுண்ட்தான் வருகிறது. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 770 ஆகிறது. கவுன்சில் டாக்ஸ் (நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) என்று வீட்டு ஏஜென்ட் வாங்கும் 35-ம் அதில் அடக்கம். வீட்டில் நால்வருமே முழுநேர மாணவர்கள். ஜனவரி 31-க்குள் 3,000 பவுண்ட் கட்டணத் தவணை கட்ட வேண்டும். கையில் 1,500 இருக்கிறது. ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில் கூடுதலாக வாரம் 25 மணி நேரம், மணிக்கு 7 பவுண்ட், ரொக்கமாக வாங்கித் தருகிறேன் என்கிறார் ரூம்மேட். இன்னொருவர் தன் டெலிவரி ஆப் கணக்கை வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஏற்கெனவே வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்பினார்கள். மறுபடி கேட்க மனசு வரவில்லை. என்ன செய்யட்டும், சார்?

பதில்: தம்பி, இரண்டுக்கும் போகாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பணத்தில் கணிசமான பகுதி உங்கள் சம்பளச் சீட்டிலேயே சிக்கிக் கிடக்கிறது. முதலில் அதை எடுப்போம்.

நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். மொத்தச் சம்பளம் 244.20. வருமான வரி 48.80. நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் 18 பென்ஸ். கைக்கு 195.22. மேலே வலது மூலையில் சின்ன எழுத்தில் டாக்ஸ் கோட் என்று இருக்கிறதே, அதில் '0டி' (0T) என்று போட்டிருக்கிறது. முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீத வரி பிடி என்று அர்த்தம். வேலையில் சேரும்போது 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். பிரிட்டனில் ஆண்டுக்கு 12,570 பவுண்ட் வரை வருமான வரி கிடையாது. அக்டோபரில் வேலை தொடங்கிய நீங்கள், வரி ஆண்டு முடிகிற ஏப்ரல் 5-க்குள் இதில் பாதியைச் சுற்றித்தான் சம்பாதிப்பீர்கள். ஆக, உங்களுக்கு இந்த ஆண்டு வரியே இல்லை. ஒன்பது வாரத்தில் பிடித்த ஏறக்குறைய 440 பவுண்டும் உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

நாளைக்கே சம்பளம் போடும் பேரோல் அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை என்று சொல்லும் 'ஏ' வாக்கியத்தில் டிக் போட்டுக் கொடுங்கள். அப்புறம் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் ஆப்பில் நுழைந்து விவரத்தைச் சரிபாருங்கள். 12,570 வரை வரி இல்லை என்று சொல்லும் 1257எல் ஆகக் கோட் மாறியதும், பிடித்த வரி அடுத்த சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிடும். வாரச் சம்பளமும் 244 ஆகும். என்னிடம் வந்த ஒரு மாணவி எட்டு மாதம் இப்படியே கட்டிக்கொண்டிருந்தார். சம்பளச் சீட்டு ஈமெயிலில் வந்தபடி இருந்தது, ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலை முடிந்து நள்ளிரவில் அறைக்குத் திரும்புகிறவருக்கு அதையெல்லாம் பார்க்கத் தெம்பு ஏது?

அடுத்தது கிறிஸ்துமஸ் விடுமுறை. மாணவர் விசாவில் உள்ள வாரம் 20 மணி நேர வரம்பு, டெர்ம் (வகுப்பு) நடக்கும் காலத்துக்குத்தான். பல்கலைக்கழகம் அறிவித்த விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம். மூன்று வாரம், வாரத்துக்கு 38 மணி நேரம் கிடைத்தால் கூடுதலாக 54 மணி நேரம், அதாவது 659 பவுண்ட். நேஷனல் இன்ஷூரன்ஸ் போக 600 பவுண்ட் கைக்கு வரும். வேர்ஹவுஸில் இது ஆள் தேடும் காலம், ஷிஃப்ட் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. விடுமுறை புதன்கிழமை தொடங்கினால் அந்த வாரம் முழுக்க 20-க்குள் இருங்கள். ஒரு வாரம் 15 செய்தேன், அடுத்த வாரம் 25 செய்கிறேன் என்று சராசரி போடவும் முடியாது.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வரி திரும்பி வருவது 440. விடுமுறை வேலையில் 600. மாதம் 770 செலவென்றால் வாரத்துக்கு 178 ஆகிறது. 244-ல் அது போக 66 மிஞ்சும், ஜனவரி முடிய எட்டு வாரத்துக்கு 528. மொத்தம் 1,568. உங்களுக்குக் குறைவது 1,500. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இந்தக் கணக்கு இடிக்கும், அது எனக்கும் தெரிகிறது. அதனால் பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு இப்போதே எழுதுங்கள்: 2,500 தேதிக்குள் கட்டுகிறேன், மீதி 500-க்கு பிப்ரவரி இறுதி வரை நேரம் வேண்டும் என்று. கெடு தாண்டிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்டால் மதிப்பு அதிகம். கட்டணம் கட்டாமலேயே விட்டால் உங்கள் விசாவுக்குத் தரும் ஸ்பான்சர்ஷிப்பையே விலக்கிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகு விசா காலம் பொதுவாக 60 நாளாகச் சுருங்கிவிடும்.

கவுன்சில் டாக்ஸ் விஷயம் சின்னது. நால்வரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வீட்டுக்கு அந்த வரியே கிடையாது. பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்று வாங்கி நகராட்சி இணையதளத்தில் ஏற்றுங்கள். ஏஜென்ட்டிடம் இதுவரை வாங்கியதைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இனி ரூம்மேட் சொன்ன வேலை. 21 வயது நிரம்பியவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 12.21 பவுண்ட், 2026 ஏப்ரல் முதல் 12.71. 7 பவுண்ட் தருகிறவர், நீங்கள் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் தருகிறார். சம்பளம் தராமல் இழுத்தடித்தாலும், எண்ணெய் கொட்டிக் கை வெந்தாலும் நீங்கள் வாயைத் திறக்க முடியாது. 20-ஐத் தாண்டுவது விசா நிபந்தனை மீறல், அது குற்றமும்கூட. பிடிபட்டால் படிப்பு பாதியில் நிற்கும், கட்டிய கட்டணம் போகும், ஊரில் கடன் மட்டும் நிற்கும். வாரம் 175 பவுண்டுக்கு இதைப் பணயம் வைக்க உங்கள் அப்பாவே சம்மதிக்க மாட்டார்.

டெலிவரி ஆப் அதைவிட மோசம். மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது, 20 மணி நேரத்துக்குள் இருந்தாலும் கூடாது. டெலிவரி ஆப்களில் ஓட்டுபவர்கள் பொதுவாகச் சுயதொழில் செய்பவர்கள் கணக்கில்தான் வருவார்கள். இதில் அடுத்தவர் பெயரில் ஓட்டினால் விபத்துக்குக் காப்பீடும் இல்லை. இதே கூட்டத்தில் யாராவது, உன் பேங்க் அக்கவுன்ட்டில் கொஞ்சம் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு என்று கேட்டால் அந்த இடத்தை விட்டே எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பணம் கைமாற உங்கள் கணக்கைத் தேடுகிறார்கள்.

வேலையில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நீங்கள் உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம் சம்பளத்தோடு கூடிய லீவாகச் சேர்ந்திருக்க வேண்டும். 180 மணி நேரத்துக்குச் சுமார் 22 மணி நேரம் வருகிறது. சீட்டில் 'ஹாலிடே பே' என்று ஏற்கெனவே தராமல் இருந்தால், அதை ஜனவரித் தேர்வு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாமல் படிக்கலாம், சம்பளமும் வரும். அடுத்து, சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் பென்ஷன் என்று வாரம் 6 பவுண்ட் போலப் பிடிக்க ஆரம்பிக்கலாம். முதுமை வரை எடுக்க முடியாத பணம் அது. இந்த ஆண்டு உங்களுக்கு அது தேவையில்லை. சேர்த்த ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்ததும் திரும்ப வரும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழுநேரம் உழைத்துக் கடனை அடைக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்தக் கணக்கை இப்போதே மாற்றுங்கள். முதுகலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் டெர்ம்தான், 20 மணி நேரம்தான். வீட்டிலும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புதிய கோட் போட்ட முதல் சீட்டு வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், 440 முழுசாக வந்ததா என்று சேர்ந்தே பார்ப்போம்.