கோல்ஃபில் டிரைவருக்கு டீயை இறக்கியதும் தூரம் குறைகிறதா?

பந்து வானத்துக்கு எகிறுகிறது, டிரைவரின் (தூரமாக அடிக்கும் பெரிய தலை மட்டை) மேல்பரப்பில் கீறல் விழுகிறது, அதனால் டீயை (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) நன்றாக இறக்கிவிட்டேன், இப்போது தூரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டீயை மறுபடி ஏற்றுங்கள். டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி டிரைவர் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். தொடங்க அந்த உயரம் போதும்.

டீ தாழ்ந்தால் பந்து, டிரைவரின் அடிக்கும் பக்கமான முகப்பின் கீழ்ப்பகுதியில் படும்; பின்சுழற்சி கூடி தூரம் குறையும். நடுவுக்குச் சற்று மேலே பட்டால் பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சியும் குறையும். டிரைவரில் நமக்கு வேண்டியது அதுதான்.

கீறலுக்குக் காரணம் பெரும்பாலும் டீ அல்ல, மேலிருந்து வெட்டுவது போல் இறங்கும் வீச்சு. பந்தை முன்காலின் (இலக்குப் பக்கக் காலின்) குதிகாலுக்கு நேரே வையுங்கள், பின்தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். மட்டை தரையோரம் கடந்து மேலேறும்போது பந்தைத் தொட வேண்டும். இதைச் சரிசெய்யாமல் டீயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

அப்புறம், முகப்பில் பவுடர் ஸ்ப்ரே அடித்துச் சில பந்துகள் ஆடிப் பாருங்கள். பந்து பட்ட தடம் மிக மேலே இருந்தால் டீயைச் சில மில்லிமீட்டர் இறக்குங்கள், கீழே இருந்தால் ஏற்றுங்கள். விதிப்படி டீ 4 அங்குலம் வரை இருக்கலாம். 3 அங்குலத்தை ஒட்டியதே போதும். உயரம் பிடிபட்டதும் டீயில் பேனாவால் கோடு போட்டு, அதுவரை மண்ணில் குத்துங்கள்.