உயிருள்ள செடி ஒரு கருவியின் பாகமாக வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் கணினிக்குப் பதில் துளசிச் செடி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

2015இல் ஸ்வீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில், வெட்டிய ரோஜாத் தண்டை மின்கடத்தும் பாலிமர் (பிளாஸ்டிக் வகைப் பொருள்) கரைசலில் நிறுத்தினார்கள். தண்ணீரை உறிஞ்சுவதுபோலவே தண்டு அதையும் உறிஞ்சியது. நீர் ஏறும் சைலம் குழாய்களுக்குள் பாலிமர் படிந்து 5 செ.மீ.க்கும் நீளமான கம்பியானது. அதைக் கொண்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சு போன்ற டிரான்சிஸ்டரையும் செய்து காட்டினார்கள். கம்பி இழுக்கும் வேலையைச் செடியே பார்த்துக்கொண்டது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

வீனஸ் பூச்சிப்பொறிச் செடி இன்னொரு வகை. பூச்சி அதன் உணர்மயிர்களை அடுத்தடுத்துத் தொட்டால் மின்துடிப்பு எழுந்து இலை மூடிக்கொள்கிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் துடிப்பை மின்முனை வழியாகத் தாங்களே கொடுத்து, அந்த இலையால் அரை மில்லிமீட்டர் கம்பியைப் பிடிக்க வைத்தார்கள். மென்மையான பொருளை நசுக்காமல் எடுக்க நல்ல விரல்தான். ஆனால் மூடிய இலை மீண்டும் திறக்கப் பல மணி நேரம் ஆகும். தொழிற்சாலை அவ்வளவு பொறுக்காது.

ஆகவே செடிக்கு உகந்த வேலை அசைவதைவிட உணர்வதே என்பது என் கருத்து. வேர் ஓயாமல் நிலத்தடி நீரைச் சோதிக்கிறது. செடி சூரிய ஒளியில் தன் பழுதைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஆயுள் முடிந்தால் மட்கிவிடும். உள்ளே செலுத்திய பாலிமர் மட்குமா என்பது வேறு கேள்வி.